ஓடிப்போயிருக்கும் என்றது ஸ்டேஷன்

2025 நவம்பர் 11ஆம் தேதி, நிதாரி வழக்கில் மிச்சமிருந்த ஒரே ஒரு தண்டனையையும் உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சுரேந்தர் கோலி சிறையை விட்டு வெளியே வந்தார். அவர் வேலை பார்த்த வீட்டின் முதலாளி மொனிந்தர் சிங் பாந்தர் 2023 அக்டோபரிலேயே வெளியே வந்துவிட்டார். ஆக, கணக்கு இப்போது இப்படி முடிந்திருக்கிறது: பிள்ளைகள் காணாமல் போனார்கள். மண்டையோடும் எலும்பும் சாக்கடையில் கிடைத்தன. பத்தொன்பது வருஷம் வழக்கு நடந்தது. கொன்றவர் என்று யாருமில்லை.

அப்படியானால் எங்கள் பிள்ளையை யார்தான் கொன்றது என்று பெற்றவர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்ல ஆளில்லை. சி.பி.ஐ. சொல்லாது. உ.பி. போலீஸ் சொல்லாது. நீதிபதிகள் வருத்தம் தெரிவித்தார்கள். இத்தனை காலம் விசாரித்தும் உண்மையான குற்றவாளி யாரென்று சட்டம் ஏற்கும்படி நிறுவப்படவில்லையே என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். வருத்தம் நல்லதுதான். ஆனால் அது பிள்ளையைத் தொலைத்தவள் கையில் எதையும் கொண்டுவந்து கொடுக்காது.

ஒரு துப்பறியும் கதையைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நிதாரி வழக்கு துப்புத் துலங்காமல் போன வழக்கு என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. துப்பு துலங்கவில்லை என்று எப்போது சொல்லலாம்? தேடினால்தான் சொல்லலாம். தேடவே இல்லையென்றால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

*

நிதாரி என்பது டெல்லியை ஒட்டிய நொய்டாவில், செக்டார் 31க்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒரு பழைய கிராமம். 1976இல் நொய்டா நகரம் தொடங்கப்பட்டது. கிராமங்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டு, செக்டார்களாகக் கோடு போடப்பட்டு, அதில் பங்களாக்கள் எழுந்தன. பங்களாக்களுக்குப் பாத்திரம் தேய்க்க, துணி வெளுக்க, இஸ்திரி போட, ரிக்‌ஷா மிதிக்க ஆள் வேண்டுமே. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் உ.பி.யின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த சனங்கள் நிதாரியின் வாடகை அறைகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். எல்லோரும் தலித்துகள் என்று நான் சொல்ல வரவில்லை. பல சாதி, பல ஊர், பல மொழி. ஆனால் ஸ்டேஷன் வாசலில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே சாதிதான். நாற்காலி போடத் தேவையில்லாத சாதி.

2005இலிருந்து அங்கே பிள்ளைகள் காணாமல் போக ஆரம்பித்தார்கள். கடைக்குப் போன பிள்ளை திரும்பவில்லை. வீட்டு வேலைக்குப் போன பெண் திரும்பவில்லை. பெற்றவர்கள் போட்டோவை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனார்கள். போலீஸ் என்ன சொன்னது என்பது பிறகு ஊருக்கே தெரிய வந்தது. "எவன்கூடவாவது ஓடிப்போயிருக்கும். தேடிப் பாரு, தானா வரும்." சின்னப் பிள்ளைகளின் பெற்றவர்களும் அலைக்கழிக்கப்பட்டார்கள். புகாரை எழுதிக்கொள்ளச் சொல்லி மாதக்கணக்கில் நடந்தவர்கள் உண்டு.

2006 மே மாதம் ஓர் இளம்பெண் காணாமல் போனாள். அவளுடைய தகப்பன் விடவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தார், அதிகாரிகளுக்கு எழுதினார், கடைசியில் நீதிமன்றம் போனார். உத்தரவு வந்த பிறகுதான், அக்டோபரில், முதல் தகவல் அறிக்கை பதிவானது. மகள் போனது மே மாதம், எஃப்.ஐ.ஆர். விழுந்தது அக்டோபர் மாதம். நடுவில் ஐந்து மாதம் அவள் இந்த அரசின் எந்தக் காகிதத்திலும் காணாமல் போகவே இல்லை. அந்த ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் 2006 டிசம்பர் 29ஆம் தேதி டி-5 என்ற வீட்டின் பின்புறச் சாக்கடையிலிருந்து எலும்புகள் வெளியே வந்தன. உலகத்துக்கு நிதாரி தெரிந்தது அன்றைக்கு. நிதாரிக்காரர்களுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எலும்புகள் கிடைப்பதற்கு ஆறு வாரம் முன்பு, 2006 நவம்பர் 13ஆம் தேதி, அதே நொய்டாவில் ஒரு பெரிய சாப்ட்வேர் கம்பெனித் தலைவரின் மூன்று வயது மகனைக் கடத்திவிட்டார்கள். உ.பி. போலீஸ் முழுதும் முடுக்கிவிடப்பட்டது. தொலைக்காட்சிகள் இரவு பகலாக அந்தத் தெருவிலேயே நின்றன. நான்கே நாளில் அந்தக் குழந்தை வீடு வந்து சேர்ந்தது. சேரட்டும், எந்தத் தாயின் பிள்ளையும் வீடு வந்து சேரட்டும். அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை. நம் கேள்வி வேறு. அந்த நான்கு நாளும் நொய்டா போலீசுக்குக் கண் இருந்தது, காது இருந்தது, ஜீப்பில் டீசல் இருந்தது. திறமை இல்லாத போலீஸ் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே ஊர், அதே போலீஸ், அதே வருஷம். ஒரு பிள்ளைக்கு இருந்த திறமை இத்தனை பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?

*

எலும்பு கிடைத்த பிறகு என்ன நடந்தது? நம்முடைய ஊடகங்களுக்கு ஓர் அரக்கன் கிடைத்தான். நரமாமிசம் தின்பவன், பேய் பிடித்தவன், மனித உருவில் மிருகம் என்று எழுதித் தள்ளினார்கள். அல்மோரா மலைக்கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, பங்களாவில் சமைத்து, பெருக்கி, கதவு திறந்துவிட்ட ஒரு வேலைக்காரன் ஒரே வாரத்தில் அசுரன் ஆனான்.

அரக்கன் கதையால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள் தோழர்களே. குற்றத்தை ஓர் அரக்கன் செய்தான் என்றால் ஸ்டேஷன் ரைட்டர் நிரபராதி ஆகிவிடுகிறார். புகாரைத் தூக்கி எறிந்த இன்ஸ்பெக்டர் நிரபராதி. அந்தப் புகார்களைக் கேட்டுப் பார்க்காத மேலதிகாரி நிரபராதி. மனிதனாகப் பிறந்த யாராலும் தடுத்திருக்க முடியாத ஒரு கொடுமை நடந்தது, அவ்வளவுதான், கதை முடிந்தது. அப்போது சில காவலர்களை வேலையை விட்டு நீக்கினார்கள், சில அதிகாரிகளைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தார்கள். புகாரை எழுதாததற்காக எத்தனை பேர் கூண்டில் ஏறினார்கள்? அந்தக் கேள்வி வழக்காக வளரவே இல்லை. எல்லோர் கண்ணும் டி-5 மேலேயே இருந்தது.

2007 ஜனவரியில் சி.பி.ஐ. வழக்கை எடுத்துக்கொண்டது. பதினாறு வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அஸ்திவாரம் எது? கோலியின் ஒப்புதல் வாக்குமூலம். அந்த வாக்குமூலம் எப்படி வந்தது? அறுபது நாள் போலீஸ் காவலுக்குப் பிறகு வந்தது. முறையான வக்கீல் துணை இல்லை. மருத்துவப் பரிசோதனை இல்லை. சித்திரவதை செய்தார்கள் என்று அவர் சொன்னதை யாரும் விசாரிக்கவில்லை. அத்தனை கொலை நடந்ததாகச் சொல்லப்பட்ட வீட்டுக்குள் அதற்கேற்ற ரத்தக்கறை கிடைக்கவில்லை. எலும்பை அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்றார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே அந்த இடம் போலீசுக்கும் சனங்களுக்கும் தெரிந்திருந்தது என்று நீதிமன்றத்தில் வெளிப்பட்டது.

2009 பிப்ரவரியில் இரண்டு பேருக்கும் தூக்கு என்றது காசியாபாத் நீதிமன்றம். அதே வருஷம் செப்டம்பரில் அந்த வழக்கில் முதலாளியை விடுவித்தது அலகாபாத் உயர்நீதிமன்றம். வேலைக்காரனின் தூக்கு நின்றது. 2011இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2014இல் கருணை மனு தள்ளுபடியானது. 2014 செப்டம்பரில் தூக்குமேடை வரைக்கும் ஏற்பாடாகிவிட்டது. வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கும் மற்றவர்களும் நள்ளிரவில் நீதிபதியின் கதவைத் தட்டித் தடை வாங்கினார்கள். 2015 ஜனவரியில் காலதாமதத்தைக் காரணம் காட்டித் தூக்கு ஆயுள் தண்டனையானது.

அன்றைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 16ஆம் தேதி அலகாபாத் உயர்நீதிமன்றம் பன்னிரண்டு வழக்குகளில் கோலியையும், இரண்டு வழக்குகளில் பாந்தரையும் விடுவித்தபோது, கேட்பதற்குக் கோலி உயிரோடு இருந்திருக்க மாட்டார். விசாரணை அமைப்புகள் பொதுமக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்துவிட்டன என்றது அந்தத் தீர்ப்பு. வீட்டு வேலைக்காரனான ஓர் ஏழையை அரக்கனாக்கிச் சிக்கவைக்கிற சுலபமான வழியை எடுத்துக்கொண்டார்கள் என்றது. மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகம் அமைத்த குழுவே, உறுப்பு வணிகம் இதில் உண்டா என்று பார்க்கச் சொல்லியிருந்தும் சரியாகப் பார்க்கவில்லை என்றது. 2025 ஜூலையில் மேல்முறையீடுகளை உச்சநீதிமன்றம் தள்ளியது. மிச்சமிருந்தது 2011இல் உறுதியான அந்த ஒரு தண்டனை. அதே வாக்குமூலம், அதே சாட்சியம். பன்னிரண்டு வழக்கில் பொய் என்று தள்ளப்பட்டது பதின்மூன்றாவதில் மட்டும் மெய்யாகுமா? நவம்பரில் சீராய்வையும் தாண்டிய குறைதீர் மனுவில் அதுவும் போனது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உறுப்பு வணிகம்தான் நடந்தது என்று நம்மில் சிலர் அடித்துப் பேசுகிறார்கள். நிரூபிக்கப்படாததை நாமும் உண்மை என்று பேசினால், ஊடகத்தின் அரக்கன் கதைக்கும் நம் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? அது பார்க்கப்படவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரிந்த உண்மை. அந்த உண்மையே போதுமான அளவு கொடியது.

"விட்டுட்டாங்களே, தூக்குல போட்டிருக்கணும்" என்றும் சில தோழர்கள் கோபப்படுகிறார்கள். பெற்றவர்கள் அப்படிச் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நமக்கு இல்லை. அறுபது நாள் அடைத்து வைத்து வாங்கிய வாக்குமூலத்தில் ஒருவனைத் தூக்கில் போடலாம் என்றால், நாளைக்கு அந்தக் கயிறு எந்தக் கழுத்துக்கு வரும் என்று சேரியில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? நிதாரியில் ஏழையின் பிள்ளை காணாமல் போனது. பதிலுக்கு ஓர் ஏழையைப் பிடித்துக் கணக்கை நேர்செய்யப் பார்த்தார்கள். புகாரை எழுத மறுத்த கையும் வாக்குமூலம் எழுதி வாங்கிய கையும் ஒரே கைதான். இரண்டையும் சேர்த்து எதிர்க்கத் தெரியாவிட்டால் நாம் எதையும் எதிர்க்கவில்லை.

*

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். சில வருஷங்களுக்கு முன்பு ஓர் அம்மா வந்தார். கையில் பாஸ்புக். கணவர் பெயரில் இருந்தது. கட்டட வேலைக்கு வெளியூர் போனவர் வரவில்லை. மூன்று வருஷமாயிற்று.

"பணம் கொஞ்சம்தான் இருக்கு தம்பி. பொண்ணுக்குப் பரீட்சைப் பீசு கட்டணும்."

"இறந்துட்டார்னா டெத் சர்டிபிகேட் வேணும்மா."

"இறந்துட்டார்னு யாரு சொன்னா?"

"காணாமப் போயிட்டார்னா எஃப்.ஐ.ஆர். காப்பி வேணும். தேடியும் கிடைக்கலன்னு போலீஸ் சர்டிபிகேட் வேணும்."

"போலீஸ்ல எழுதிக்கவே இல்லயே தம்பி. குடிச்சிட்டு எங்கியாவது கெடப்பான், வருவான், போன்னுட்டாங்க."

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விதி அப்படித்தான். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 111ஆம் பிரிவு. அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சிறு தொகைக்கு அந்த அலைச்சல் வேண்டாம், எஃப்.ஐ.ஆரும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கையும், பொறுப்புறுதிக் கடிதமும் இருந்தால் கொடுக்கலாம் என்று 2008இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சனங்களுக்குச் சாதகமான சுற்றறிக்கைதான். ஆனால் அதுவும் ஸ்டேஷன் எழுதும் ஒரு காகிதத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் காகிதம் இல்லாதவளுக்குப் புருஷன் உயிரோடும் இல்லை, செத்தும் போகவில்லை, காணாமலும் போகவில்லை. விதவை உதவித்தொகை கேட்டாலும் காகிதம். வாரிசுச் சான்று கேட்டாலும் காகிதம். அந்த அம்மா பாஸ்புக்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே காகிதத்தைக் கேட்டவன் நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. நிதாரிக்குப் பிறகு சட்டம் நிறையவே பேசியது. 2008 மே மாதம், அதே உ.பி.யில், மைனர் மகளைக் காணோம் என்று ஒரு தகப்பன் புகார் கொடுத்தார். நிதாரி எலும்பு வெளியே வந்து ஒன்றரை வருஷம் ஆகவில்லை. அந்த ஸ்டேஷனும் எஃப்.ஐ.ஆர். போடவில்லை. அவர் 32ஆம் பிரிவின் கீழ் நேராக உச்சநீதிமன்றம் போனார். அரசியலமைப்பின் இதயம் என்று பாபாசாகேப் அம்பேத்கர் சொன்னாரே, அதே 32தான். அதுதான் லலிதா குமாரி வழக்கு. 2013 நவம்பர் 12ஆம் தேதி தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், போடாத அதிகாரி மேல் நடவடிக்கை வேண்டும் என்றார்கள். அதே வருஷம் மே 10ஆம் தேதி, பச்பன் பசாவோ அந்தோலன் தொடுத்த வழக்கில், குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் கடத்தல் அல்லது ஆள் வணிகம் என்றே எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது.

ஆக, பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் "ஓடிப்போயிருக்கும்" என்ற பதிலைச் சொல்ல ஸ்டேஷனுக்கு 2013இலிருந்து உரிமை கிடையாது. சொல்லாமல் இருக்கிறார்களா? நம் ஊரில் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். பாதிப் பேர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டம், மூன்று வருஷத்துக்கு மேல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் பதினாலு நாள் முதல்கட்ட விசாரணைக்கு வழி வைத்திருக்கிறது. வலுத்தவன் மேல் புகார் வந்தால் அந்தப் பதினாலு நாள் எதற்குப் பயன்படும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்யாமல் வேண்டுமென்றே கடமை தவறும் தலித் அல்லாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை. அதற்கும் ஒரு பூட்டு உண்டு. துறை விசாரணையின் பரிந்துரை வந்தால்தான் வழக்கு. போலீஸ் தப்பைப் போலீசே விசாரித்துப் பரிந்துரைக்க வேண்டுமாம். இருந்தாலும் கொலை, பாலியல் வன்முறை, குடிசை எரிப்பு என்றால் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம். காணாமல் போனால்? எதிரி பெயர் தெரியாது. எதிரி தெரியாத இடத்தில் எதிரியின் சாதி எப்படித் தெரியும்? எதிரியின் சாதி தெரியாவிட்டால் அந்தச் சட்டம் உள்ளே வராது. நாம் ரத்தம் சிந்திப் பெற்ற சட்டம், நம் பிள்ளை காணாமல் போகும்போது வாசலிலேயே நின்றுவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் காணாமல் போனவர்களை வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக அச்சடிக்கிறது. சாதிவாரியாக இல்லை. யார் பிள்ளைகள் அதிகம் போகிறார்கள் என்று கேட்டால் காட்ட ஒரு பட்டியல் கிடையாது.

*

இயக்கத்துக்குள்ளே பேச வேண்டியதை இப்போது பேசுகிறேன். கசக்கும்.

நாம் பிணம் கிடைத்த பிறகுதான் வருகிறோம். அரசு ஆஸ்பத்திரி சவக்கிடங்கு முன்னால் உட்காருகிறோம். கைது செய்யும்வரை உடலை வாங்க மாட்டோம் என்கிறோம். மறு பிரேதப் பரிசோதனை கேட்கிறோம், வீடியோ எடுக்கச் சொல்கிறோம். கலெக்டர் வருகிறார், பேச்சு நடக்கிறது, ஏதோ ஒன்று நகர்கிறது. அந்தப் போராட்டத்தில் நமக்கு இருக்கிற ஒரே பலம் அந்த உடல்தான். அதை நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ வழக்குகள் அப்படி உட்கார்ந்ததால்தான் பதிவாயின.

உடல் கிடைக்காதபோது நமக்கு என்ன போராட்டம் இருக்கிறது? காணாமல் போனவனுக்கு இரங்கல் கூட்டம் போட முடியாது. நினைவு நாள் கிடையாது. போஸ்டரில் வீரவணக்கம் என்று போட முடியாது. ஒருவேளை ஓடித்தான் போயிருப்பானோ என்று நமக்கே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. ஸ்டேஷன் சொன்ன அதே வார்த்தை நம் நாக்கிலும் ஏறிவிடுகிறது. வேலைக்கு அனுப்பிய பெண் திரும்பவில்லை என்று ஒரு தாய் வந்து சொன்னால், "யார்கூடவாவது பழக்கமா?" என்று நம் பொறுப்பாளரே முதலில் கேட்கிறார். பழக்கம் இருந்தால்தான் என்ன? பழகிய பெண் காணாமல் போனால் தேடக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அதுவும் வேறு சாதியில் பழகிய பெண்ணோ பையனோ என்றால், முதல் நாளே பதறித் தேட வேண்டிய ஆள் அல்லவா?

நிதாரித் தகப்பன் ஒருவர் ஐந்து மாதம் அலைந்து ஓர் எஃப்.ஐ.ஆர். வாங்கினார். அந்த ஒற்றைக் காகிதம்தான் அந்தச் சாக்கடையைத் திறந்தது. அதற்கு முன்னால் காணாமல் போன பிள்ளைகளுக்கும் அப்படி ஒவ்வொரு காகிதம் அன்றன்றைக்கே விழுந்திருந்தால்? ஒரே தெருவைச் சுற்றி இத்தனை பேர் காணோம் என்று எந்த மேலதிகாரியின் மேஜைக்கும் போயிருக்கும். கடைசியாகப் பார்த்தவர் சாட்சி சொல்லியிருப்பார், தடயம் அழிந்திருக்காது. பின்னால் போன பிள்ளைகளில் சிலர் இன்றைக்கு முப்பது வயதில் உயிரோடு இருந்திருக்கலாம். உண்மையான குற்றவாளி யாராக இருந்தாலும் அப்போதே பிடிபட்டிருக்கலாம். வழக்கு 2025இல் தோற்கவில்லை. முதல் புகாரை எழுதாத அன்றைக்கே தோற்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்த பத்தொன்பது வருஷமும், எழுதாத அந்தப் பக்கத்துக்கு மேல் கட்டிய வீடு.

எனவே மாணவத் தோழர்களுக்கு, களத்தில் நிற்கும் தோழர்களுக்கு நான் சொல்வது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நம் தெருவில் ஒருவரைக் காணோம் என்றால் அன்றைக்கே நாலு பேர் சேர்ந்து ஸ்டேஷன் போங்கள். பெற்றவளைத் தனியாக அனுப்பாதீர்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். கடைசியாகப் பார்த்த இடம், நேரம், உடுத்தியிருந்த துணி, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கட்டும். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள். குழந்தை என்றால் 2013 மே தீர்ப்பைச் சொல்லி எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று சொல்ல முடியாது, எந்த ஸ்டேஷனிலும் பதியலாம். மறுத்தால் அன்றே எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். பாலியல் குற்றம், ஆள் வணிகம் போன்ற புகார்களை எழுத மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் என்று நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு சொல்கிறது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எந்த அதிகாரி, எத்தனை மணிக்கு, என்ன சொல்லி அனுப்பினார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

இயக்கம் செய்ய வேண்டியது இன்னொன்று. ஒவ்வொரு வட்டத்திலும் காணாமல் போன நம் சனங்களின் பட்டியல் ஒன்றை நாமே எடுக்க வேண்டும். செங்கல் சூளைக்குப் போனவர், பனியன் கம்பெனிக்குப் போன பெண், கட்டட வேலைக்குப் போனவர், காதலித்ததால் காணாமல் போனவர். அரசு சாதிவாரிப் பட்டியல் தராது என்றால் நாம் தருவோம். சட்டமன்றத்தில் கேள்வி கேட்க நமக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். காகிதம் இல்லாமல் அவர்கள் என்ன கேட்பார்கள்?

நிதாரிக்கு என்ன செய்வது? புதிய விசாரணை வேண்டும், நீதிமன்றத்தின் கண்காணிப்பில் வேண்டும், அதில் முதல் கேள்வியாக 2005இலும் 2006இலும் புகாரை வாங்காதவர்கள் யார் யார் என்று கேட்கப்பட வேண்டும். கொலைகாரன் கிடைப்பானா தெரியாது, இத்தனை வருஷம் போய்விட்டது. எழுத மறுத்தவர்கள் பெயர் கிடைக்கும். அந்தந்த நாளில் அந்தந்த ஸ்டேஷனில் யார் பணியில் இருந்தார்கள் என்பதற்கு அரசிடமே பதிவேடு இருக்கும்.

அந்த அம்மாவைப் பிறகு ஒருமுறை வங்கியில் பார்த்தேன். உள்ளூர்த் தோழர்கள் நாலு பேர் உடன் போய் உட்கார்ந்து எஃப்.ஐ.ஆர். வாங்கிக் கொடுத்திருந்தார்கள். காகிதத்தை மடிப்புப் பிரித்து என்னிடம் நீட்டினார். கணவரின் பெயர், வயது, அங்க அடையாளம், கடைசியாகப் பார்த்த நாள், எல்லாம் இருந்தது. "இப்பத்தான் தம்பி அவரு காணாமப் போயிருக்காரு" என்றார். ஆள் போய் நாலு வருஷமாகியிருந்தது.